பழஞ்சுவரால் யாருக்கு லாபம்? வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள்

கேள்வி (பழைய ஜெயில் ரோடு): ஐயா, மாடிப்பூங்கா சுவரை ஒட்டித்தான் எங்கள் வீடு. பையன் கல்யாணத்துக்கு முன்னால் மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்றால் முடியாது என்கிறார்கள். அந்தச் சுவரால் எங்களுக்கு என்ன லாபம்?

பதில்: நியாயமான கோபம் அம்மா. மாடிப்பூங்காவில் நிற்பது பழைய ஊர் மதிலின் மிச்சம், பாதுகாக்கப்பட்ட சின்னம். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தம் இது. புது மாடிக்கு வழியில்லை. ஆனால் இருக்கிற வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். ஒழுகும் கூரையோடு யாரும் வாழ வேண்டியதில்லை.

இப்போது சுவர். 1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படை, கோட்டைக்கு வெளியே நம் மக்கள் வாழ்ந்த கறுப்பர் நகருக்குள் புகுந்தது. பிறகு ஹைதர் அலி பயமும் சேர்ந்துகொள்ள, ஊரைச் சுற்றி இந்த மதிலை எழுப்பினார்கள். செலவுக்கு ஊர்க்காரர்களிடமே வரி கேட்டார்கள். வால்டாக்ஸ் (சுவர் வரி) ரோடு என்ற பெயர் அப்படி வந்தது. இன்று மிஞ்சியிருப்பது ஒரு துண்டு மட்டும். அதையும் விட்டால், இந்த ஊரைச் சுற்றி ஒரு மதில் இருந்ததைக் கண்ணால் காட்ட வேறு எதுவும் இங்கே மிஞ்சாது.

ஆனால் அன்று வரி கேட்டதும் உங்கள் ஊரில், இன்று மாடி எடுக்க முடியாமல் நிற்பதும் உங்கள் தெருதான். சுவரின் பெருமை ஊருக்கெல்லாம், நஷ்டம் மட்டும் பத்து வீட்டுக்கு என்றால் அது சரியில்லை. மும்பையில் பாரம்பரியக் கட்டட உரிமையாளர், தன் இடத்தில் கட்ட முடியாத பரப்பை வேறு இடத்தில் கட்டும் உரிமையாக விற்கலாம். சின்னத்தின் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அப்படி ஒரு ஈடு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஈடு கொடுக்காமல் தடை மட்டும் போட்டால், சுவரை நேசிக்க வேண்டியவர்களே அதை வெறுப்பார்கள். வெறுக்கப்படும் சின்னத்தை எந்தக் காவலாளியாலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி (திருவொற்றியூர்): கடைக்கால் தோண்டும்போது செப்புக் காசு கொஞ்சம் கிடைத்தது. விற்றால் என்ன தேறும்?

பதில்: விற்காதீர்கள் தம்பி. புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், எழுத்து போய்விடும். எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்று குறித்து, போட்டோ எடுத்து, கலெக்டர் அலுவலகத்தில் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். அந்தச் சட்டத்தில் எனக்குக் குறை உண்டு. மதிப்பு என்று அது கணக்குப் பார்ப்பது உலோகத்தைத்தான். செம்புக்கு என்ன பெரிய விலை கிடைத்துவிடும்? அதனால்தான் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற தகவலுக்குத்தான் ஆய்வில் மதிப்பு அதிகம். கடைக்காரர் கைக்குப் போன நிமிடமே அது அழிந்துவிடும்.

கேள்வி (சௌகார்பேட்டை): வெளிநாட்டில் நம் சிலைக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்களே. அதுதானே உண்மையான மதிப்பு?

பதில்: அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் 51 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. திருட்டுச் சிலை என்று தெரிந்தபின் 2014-ல் திருப்பித் தந்தது. அந்தப் பணத்தில் ஸ்ரீபுரந்தான் மக்களுக்கு ஒரு பைசா வரவில்லை. அவர்களுக்கு மிஞ்சியது சாமி இல்லாத கோயில். இதை மதிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (வியாசர்பாடி): ராயபுரம் ஸ்டேஷனைப் பெரிய முனையமாக்கினால் எங்கள் பக்கம் வேலை வரும். பழைய கட்டடம் அதற்குத் தடையா?

பதில்: தடையே இல்லை. 1856-ல் திறந்த அந்தக் கட்டடம், நாட்டில் இன்று நிற்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் மிகப் பழையது. முனையத்துக்கு வேண்டியது நடைமேடையும் தண்டவாளமும். அவற்றைப் பழைய கட்டடத்தைத் தொடாமல் திட்டமிடலாம். முன்கூடத்தில் டிக்கெட் கொடுத்தால் தினமும் பெருக்குவார்கள், ஒழுகினால் உடனே பார்ப்பார்கள். பூட்டிப் போட்டால்தான் ஆலஞ்செடி முளைக்கும்.

உங்கள் பக்கத்து பின்னி மில்லை நினைத்துப் பாருங்கள். அதில் இரண்டு துணி ஆலைகள்: பக்கிங்காம் 1876-ல் தொடங்கியது, கர்நாட்டிக் 1881-ல். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்தத் தொழிலாளிகளிடம்தான் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். 1996-ல் ஆலை மூடியபின் அந்த இடத்தைச் சதுர அடிக் கணக்கில் மட்டுமே பார்த்தார்கள். ஒரே ஒரு கொட்டகையையாவது தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கலாம். எனக்கு இது ஆறாத வருத்தம்.

கேள்வி (தண்டையார்பேட்டை): தொல்லியல் படித்தால் வேலை கிடைக்குமா சார்?

பதில்: இடங்கள் குறைவு, போட்டி அதிகம். மாநிலத் தொல்லியல் துறையின் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பைப் பாருங்கள், உதவித்தொகை உண்டு. கல்வெட்டு வாசிக்கப் பழகுங்கள்.

கேள்வி (ராயபுரம்): ஞாயிற்றுக்கிழமை ஊரின் பழைய இடங்களைச் சுற்றிக்காட்டிக் காசு வாங்கலாமா? தப்பில்லையே?

பதில்: தாராளமாக வாங்குங்கள். மீன் விற்றால் காசு வாங்குகிறோம், ஊர்க்கதை சொல்ல மட்டும் ஏன் இலவசம்? ஆனால் கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், டீயும் சாப்பாடும் அந்தத் தெருக் கடையிலேயே இருக்கட்டும். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குக் கூட்டிப் போனால் பூஜை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே சோழர் கல்வெட்டுகள் நிறைய. எழுத்து தெரியவில்லை என்று யாராவது சுண்ணாம்போ மாவோ தடவ வந்தால் விடாதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே எழுத்து எழும்பித் தெரியும்.