ஏற்றத்தில் பாடும் அம்ப், டவுனில் நின்றால் ஏன் அணைகிறது?

கேள்வி: அண்ணா, தலவாக்கலையில் டொல்பின் வேன் ஹயர் ஓட்டுகிறேன். பின்னால் ஒரு சப் ஊஃபரும் நாலு சேனல் அம்பும் (அம்ப்ளிஃபையரும்) இருக்கிறது. மலை ஏறும்போது எவ்வளவு சத்தமாக வைத்தாலும் ஒரு பிரச்சினையும் இல்லை. ராத்திரியில் ஹட்டன் டவுன் நெரிசலில் நின்றால் மட்டும், பேஸ் ஓங்கி அடித்ததும் அம்ப் அணைகிறது. இரண்டு மூன்று செக்கனில் தானாகவே வருகிறது. புது பேட்டரி போட்டும் அதேதான். கடையில் கெப்பாசிட்டர் போடச் சொல்கிறார்கள். போடலாமா? கூட்டாளி ஒருவர் தன் பஸ்ஸிலும் இதே அம்பைப் போடக் கேட்கிறார். பஸ் 24 வோல்ட்.

பதில்: கெப்பாசிட்டருக்கு இப்போது காசு கொடுக்காதீர்கள் தம்பி. பாதி விடையை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள்.

ஸ்பீக்கர் வயர் எங்காவது வேன் பாடியில் உரசி ஷோர்ட் ஆகியிருந்தால், அம்ப் சிவப்பு லைட்டைப் போட்டுக்கொண்டு பெரும்பாலும் அப்படியே நிற்கும். சூடு ஏறி நின்றால், ஆறி வரச் சில நிமிடமாவது எடுக்கும். பேஸ் அடித்ததும் போய், உடனே தானாக வருகிறது என்றால் வோல்ட் விழுகிறது. அநேகமான அம்ப்கள் 10, 10.5 வோல்ட்டுக்குக் கீழே போனதும் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். பாட்டு நின்றதும் வோல்ட் ஏறும், அம்பும் திரும்ப வரும்.

சரி, ஏற்றத்தில் ஏன் விழவில்லை? இரண்டாவது கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது, அதோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் அல்டர்நேட்டர் 14 வோல்ட் வரை தாராளமாகக் கொடுக்கும். நெரிசலில் ஐட்லிங்கில் நின்றால் அதனால் முழுசாகக் கொடுக்க முடியாது. அதே நேரம் ஹெட்லைட் எரிகிறது, பனிக்கும் மழைக்கும் வைப்பர் ஓடுகிறது. 55 வோட் பல்ப் இரண்டே ஏறக்குறைய 8 அம்பியர் எடுக்கும். மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். நல்ல பேட்டரியே ஓய்வில் 12.6 வோல்ட்தான், சுமை ஏறினால் அதற்கும் கீழே. ஆனாலும் அதில் இருந்து 10 வரை விழ இன்னும் 2 வோல்ட் காணாமல் போக வேண்டுமே. அது வயரில் போகிறது என்பதுதான் என் சந்தேகம்.

இங்கே கிட் என்று விற்கும் மலிவு வயர்களில் பல வெளியே கை விரல் தடிப்பு, உள்ளே மெல்லிசு. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். அப்படி 5 சதுர மில்லிமீட்டர் வயரைப் பேட்டரியில் இருந்து பின் சீட் வரை நாலரை மீட்டர் இழுத்து 40 அம்பியர் எடுத்தால், வயரிலேயே சுமார் 1 வோல்ட் போய்விடும். எர்த் பக்கம், அதாவது அம்பின் நெகட்டிவ் வயரை வேன் பாடியில் இறுக்கும் இடத்தில், துரு இருந்தால் இன்னொரு அரை வோல்ட். ஏற்றத்தில் 14இல் 1.5 போனாலும் 12.5 மிஞ்சும். டவுனில் அந்த 1.5தான் உங்களை மாட்டிவிடுகிறது. புது பேட்டரியால் ஒன்றும் மாறாததற்கும் இதுவே காரணம்.

ஊகத்தை விட்டு அளந்து பாருங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பாட்டில் பேஸ் மின்னல் மாதிரி வந்து போகும், மீட்டர் அதைப் பிடிக்காது. அதனால் போனில் 50 ஹேர்ட்ஸ் டோன் ஒன்றை, நீங்கள் வழக்கமாக வைக்கும் சத்தத்தில், சில செக்கன் மட்டும் ஓட விடுங்கள். எஞ்சின் ஐட்லிங்கில், ஹெட்லைட் போட்டபடி. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பொசிட்டிவிலும் மற்ற முனையை அம்பின் பொசிட்டிவ் ஸ்குரூவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரோ ஃபியூஸ் ஹோல்டரோ குற்றவாளி. அப்புறம் அம்பின் எர்த் ஸ்குரூவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பாருங்கள். அங்கே 0.2க்கு மேல் வரக்கூடாது.

எர்த்தை அநேகமாக சீட் போல்ட்டில் கொடுத்திருப்பார்கள். நம்ம ஊர் ஈரத்துக்கு அது இரண்டு வருஷம்கூடத் தாங்காது. என் சொந்த வேனிலேயே ஒரு கிழமை அம்பைக் கழற்றிக் கழற்றிப் பார்த்த பிறகுதான் அந்த போல்ட்டைக் கழற்றினேன், அடியில் பெயின்ட்டும் துருவும்தான் இருந்தன. பாடியைப் பளபளவென்று சுரண்டி, பொசிட்டிவ் வயரின் அதே தடிப்பில், அரை மீட்டருக்குள் இறுக்கிக் கட்டி, மேலே வாஸ்லின் பூசுங்கள். எஞ்சினில் இருந்து பாடிக்குப் போகும் பழைய எர்த் பட்டியையும் ஒரு பார்வை பாருங்கள்.

வயர் மாற்றுவதென்றால் எது போதும்? அம்ப் பெட்டியில் 2000 வோட் என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், அம்பில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 25 அம்பியரில் இரண்டு என்றால் 50. அதை, எஞ்சின் ஓடும்போது இருக்கும் 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 690 வோட். சாதாரண ஏபி வகை அம்ப் அதில் 60 சதவீதத்தைத்தான் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும், ஆக 400 வோட்டைத் தொடும். இந்த அளவுக்கு நல்ல செம்பில் 4 கேஜ் வயர், அதாவது 21 சதுர மில்லிமீட்டர், தாராளம். பேட்டரியில் இருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் கட்டாயம். தகடு வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். ஃபியூஸ் எரிந்தால் பெரியதாகப் போடுவது, ஈயத்தாள் சுற்றுவது எல்லாம் வேனுக்குத் தீ வைக்கும் வேலை. வேலை தொடங்குமுன் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டு இடத்திலும் இழப்பு சரியாக இருந்து, பேட்டரி முனையிலேயே 13க்குக் கீழே காட்டினால், முதலில் அல்டர்நேட்டர் பெல்ட்டைப் பாருங்கள். மழையில் கீச்சிட்டால் அது வழுக்குகிறது. அதுவும் சரியென்றால் அல்டர்நேட்டரைக் கழற்றி பிரஷ், டயோட் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கெப்பாசிட்டர் கரண்டை உண்டாக்காது, ஒரு கணம் தேக்கி வைக்கும், அவ்வளவுதான்.

பஸ் விஷயம்: 24 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் அம்ப் போயே விடும். இரண்டு பேட்டரியில் ஒன்றில் மட்டும் 12 எடுக்கிற குறுக்கு வழியும் வேண்டாம். அந்தப் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மிஞ்சி சார்ஜ் ஏறிப் பழுதாகும். 24இல் இருந்து 12க்கு மாற்றும் கன்வேர்ட்டர் போடச் சொல்லுங்கள். அது தொடர்ந்து கொடுக்கக்கூடிய அம்பியர், அம்பின் ஃபியூஸ் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய கன்வேர்ட்டரின் விலையைக் கேட்டால், உங்கள் கூட்டாளி 24 வோல்ட் அம்பே தேடிப் போகக்கூடும்.