குங்குமக் குவியலில் ஏன் வெறும் சிவப்பு மட்டும் தெரிகிறது?

சந்தைப் படங்கள் குறித்து வந்த கேள்விகளை இந்த வாரம் ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் குங்குமம் விற்கும் கடையைப் படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் குவியல் சிவப்புப் பெயின்ட் அப்பியது போல இருக்கிறது. ஃபோகஸ் தவறா?
– முத்தியால்பேட்டை வாசகர்

முதலில் எக்ஸ்போஷரை, அதாவது சென்சாரில் விழும் வெளிச்சத்தின் அளவை, சந்தேகப்படுங்கள். கேமராவின் சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பதிகிறது. குங்குமத்திலிருந்து வருவது கிட்டத்தட்ட சிவப்பு மட்டும்தான். படத்தின் மொத்த வெளிச்சம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் உச்சத்தில் முட்டி நின்றுவிடும். பொடியில் கரண்டி இழுத்த கோடு, சரிந்து விழுந்த விளிம்பு எல்லாம் அதில் காணாமல் போகும். படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் ஒற்றை வெள்ளையாக இருந்தால் இதைக் காட்டாது. மூன்று நிறங்களையும் பிரித்துக் காட்டுவதைத் திறந்துவையுங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை முக்கால் ஸ்டாப் அல்லது ஒரு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). படம் சற்று இருட்டாகத் தெரிந்தால் பரவாயில்லை. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் இருட்டைப் பிறகு தூக்கிவிடலாம், உச்சத்தில் முட்டிப்போன சிவப்பை முழுதாக மீட்பது கடினம். காய்ந்த மிளகாய்க்கும் சிவப்பு ரோஜாவுக்கும் இதே கதைதான்.

ஃபோகஸும் உதைக்கலாம். ஆட்டோஃபோகஸுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும், வழவழப்பான பொடியில் அது கிடைக்காது. ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கரண்டி பொடிக்குள் இறங்கும் இடத்தில் வையுங்கள். ஃபோகஸ் பிடித்தபின் கேமராவைத் திருப்பி ஃபிரேம் மாற்ற வேண்டாம். இவ்வளவு கிட்டத்தில் அந்தச் சின்ன அசைவே கூர்மையைக் கெடுத்துவிடும்.

செல்போனில் எடுத்தால் மல்லிகை அழுக்குச் சாம்பலாக வருகிறது, கத்தரிக்காய் வெளுத்துப்போகிறது. என்ன செய்யலாம்?
– திருப்பாதிரிப்புலியூர் வாசகி

ஃபிரேமை நிறைப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் பார்க்கும். அது பூவா கத்தரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். திரையில் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் பக்கத்தில் வரும் சூரியக் குறியை மல்லிகைக்கு மேலே, கத்தரிக்குக் கீழே இழுங்கள். இதழின் மடிப்புக் கோடு மறையத் தொடங்கினால் அதற்கு மேல் போகாதீர்கள். மல்லிகையும் கனகாம்பரமும் சேர்ந்த சரமாக இருந்தால் மல்லிகைக்குத்தான் முன்னுரிமை.

சண்டே மார்க்கெட்டில் நீலத் தார்பாயின் கீழே துணிகளின் நிறமே மாறிவிடுகிறது.

தார்பாய் வழியாக இறங்கும் வெளிச்சமே நீலம். வெளிச்சத்தின் நிறச்சாயலைத் தானே ஈடுகட்டும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பாதி சரிசெய்யும், மீதியை விட்டுவிடும். துணி இருக்கும் இடத்திலேயே ஒரு வெள்ளைத்தாளை வைத்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுங்கள். பாதித் துணி வெயிலிலும் பாதி தார்பாயின் கீழும் இருந்தால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது, ஏதாவது ஒரு பக்கத்தை மட்டும் ஃபிரேமில் வையுங்கள். இருட்டியபின் விளக்கொளியில் படத்தில் பட்டை பட்டையாக வந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன.

கடலூர் துறைமுகத்தில் மீன் மேல் வெள்ளைத் திட்டாகப் பளபளப்பு. போலரைசர் வாங்கலாமா?

வாங்கலாம். லென்ஸ் முன் மாட்டும் இந்த ஃபில்டர் தோல் மேலுள்ள ஈரத்தின் பளபளப்பைக் குறைத்துவிடும், ஆனால் செதிலின் வெள்ளி மினுக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மினுக்கம் போனால் மீன் பழசு போலத் தெரியும், ஆகவே அது இருப்பதே நல்லது. ஃபில்டர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும் என்பதால் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொள்ளுங்கள். காசு செலவழிக்குமுன் ஒன்று செய்துபாருங்கள்: கூடையைச் சுற்றி இரண்டடி நகர்ந்தாலே அந்தத் திட்டு பல நேரம் விலகிவிடும்.

எஃப் 22 வைத்தால் தட்டு முழுக்க கூர்மையாக வருமா?

வராது. எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறுக்கும்; அவ்வளவு சின்னத் துளையில் ஒளி சிதறி மொத்தப் படமும் மென்மையாகிவிடும். எஃப் 8 அல்லது 11 போதும். தட்டுக்கு நேர் மேலிருந்து, கேமராவை அதற்கு இணையாகப் பிடித்தால் எஃப் 4-இலேயே பரப்பு முழுக்கக் கூர்மையாக வரும். பூக் கட்டும் கைகளும் ஃபிரேமில் இருந்தால் ஷட்டர் 1/250-க்குக் கீழே இறங்க வேண்டாம். கை யாருடையதோ அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.