தையல் கேள்வி பதில்: மணப்பெண் பிளவுஸும் ஆல்டரேஷனும்

கேள்வி: ஆறு வருடமாக வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். இப்போது கல்யாண ஆர்டர்கள் வருகின்றன. திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்தம் என்றால் ஒரே தேதிக்கு மூன்று நான்கு வீட்டார் வந்து நிற்கிறார்கள். எத்தனை பேருக்கு ஒப்புக்கொள்ளலாம்? உதவிக்கு ஆள் வைக்கலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வீட்டை எண்ணாதீர்கள், உருப்படியை எண்ணுங்கள். முகூர்த்தப் பிளவுஸ், வரவேற்புக்கு ஒன்று, நிச்சயதார்த்தத்துக்கு ஒன்று, பெண்ணின் அம்மாவுக்கு, அக்கா தங்கைக்கு, அத்தைக்கு என்று ஒரு கல்யாண வீட்டிலிருந்து ஏழு உருப்படியாவது வரும். லைனிங் வைத்த பட்டு பிளவுஸை வெட்டி, தைத்து, ஹெம்மிங் செய்து, ஹூக் கட்டி முடிக்க நான்கரை மணி நேரம் என்று வையுங்கள். ஏழுக்கு 31 மணி நேரத்துக்கு மேல் போகிறது. ட்ரையல் பார்த்துத் திருத்த இன்னும் 4 மணி நேரம். வீட்டு வேலைக்கு நடுவே நாளைக்கு 6 மணி நேரம் மெஷினில் உட்காருபவருக்கு ஒரு கல்யாண வீடு ஆறு நாள் வேலை. அதனால் தனியாகத் தைக்கிற வரைக்கும் ஒரு முகூர்த்தத் தேதிக்கு இரண்டு வீடுதான். மூன்றாவதாக வருகிறவரிடம் அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவர் வேறு இடம் பார்க்க நேரமாவது இருக்கும்.

கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நோட்டில் குறித்து வையுங்கள். ஆரி வேலை (துணியைச் சட்டத்தில் கட்டி, கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) இருந்தால் 40 நாள் முன்பு அளவும் புடவையும் பாதி அட்வான்ஸும் கைக்கு வந்துவிட வேண்டும். மணி, ஜர்தோசி (உலோக ஜரிகை), கல் வாங்கும் காசை அட்வான்ஸிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஆரி வேலை முடிந்து, கல்யாணத்துக்கு 20 நாள் இருக்கும்போது வெட்டு. 15-ஆம் நாள் பெரிய தையலில் ஓட்டி முதல் ட்ரையல். 6-ஆம் நாள் இரண்டாவது ட்ரையல். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அலைச்சலில் பெண் இளைப்பதும், விருந்துச் சாப்பாட்டில் சதை போடுவதும் கடைசி இரண்டு வாரத்தில்தான் நடக்கிறது. 4-ஆம் நாள் கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: மார்கழியில் கல்யாணம் இல்லை, ஊருக்குப் போய்வரலாம் என்று நினைக்காதீர்கள். தை முகூர்த்தங்களுக்கான தையலெல்லாம் மார்கழியில்தான் நடக்க வேண்டும். ஆவணிக்கு ஆடியும், ஐப்பசிக்குப் புரட்டாசியும் அப்படியே. உங்களுக்கு உண்மையில் ஓய்வு கிடைப்பது முகூர்த்தங்கள் நிறைந்த மாதத்தின் கடைசி வாரத்தில். கிறிஸ்தவ, இஸ்லாமிய வீட்டுக் கல்யாணங்களுக்கு ஆடி, மார்கழி என்ற தடை கிடையாது. அந்த வேலைகளையும் எடுத்தால் வருடம் முழுக்கக் கை ஓடும்.

ஆள் வைப்பதானால் வெட்டத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டாம். ஹெம்மிங், ஹூக், புடவைக்கு ஃபால்ஸ் இவற்றை உருப்படிக் கூலிக்குச் செய்யும் ஒருவர் போதும். பிளவுஸுக்கு ஒரு மணி நேரம் உங்களுக்கு மிச்சமாகும். வெட்டும் கத்தரிக்கோல் மட்டும் இப்போதைக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: ஆரி வேலை முடித்துத் தைத்த பிளவுஸ் மார்பில் அரை அங்குலம் பிடிக்கிறது. பின் கழுத்தும் தோளிலிருந்து நழுவுகிறது. அளவு ஜாக்கெட் வைத்துத்தான் வெட்டினேன். எங்கே தப்பு?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: மூன்று இடத்தில் தப்பு நடந்திருக்கலாம்.

முதலாவது, துணி சுருங்கியது. சட்டத்தில் இழுத்துக் கட்டி நெருக்கமாகப் போட்ட ஆரி வேலை, சட்டத்தை விட்டு எடுத்ததும் துணியைக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை உள்ளே இழுக்கும். அதனால் முதலில் அளவை வெறும் கோடாக மட்டும் வரைந்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் துணி விட்டு, வேலையை முடித்த பிறகு பேட்டர்னை மறுபடி மேலே வைத்துப் புதிதாகக் கோடு போட்டு வெட்டுங்கள். புடவையோடு வரும் பிளவுஸ் துணி பெரும்பாலும் 80 செ.மீ.தான் இருக்கும். முழங்கை வரை கை வைத்து, கை முழுக்க வேலையும் கேட்டால் அது பற்றாது என்பதை அளவெடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, லைனிங். காட்டன் லைனிங்கை நனைக்காமல் வைத்தால் முதல் வியர்வையிலேயே சுருங்கி, மேலே உள்ள பட்டைச் சுருக்கிக் காட்டும். இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, லேசான ஈரத்தோடு அயர்ன் செய்த பிறகே வெட்டுங்கள். அரக்கு, கரும்பச்சை லைனிங் என்றால் சாயம் போவது நிற்கும்வரை அலசுங்கள். நம் கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் மணமேடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே அக்குளில் சாயம் இறங்கிவிடும்.

மூன்றாவது, கழுத்து நழுவுவது. மணியும் ஜர்தோசியும் ஏறிய கனத்தை மெல்லிய பட்டு தாங்காது. கழுத்தைச் சுற்றி ஒட்டு கேன்வாஸ் ஒன்றரை அங்குல அகலத்துக்கு வைத்து, அதன் மேல் லைனிங் கொடுங்கள். பின் கழுத்து 8 அங்குலத்துக்கு மேல் இறங்கினால் நாடா கட்டாயம். தோள் அகலத்தைச் சாதாரண பிளவுஸைவிடக் கால் அங்குலம் குறையுங்கள். அளவு ஜாக்கெட்டின் கழுத்து ஆழம் வேறாக இருந்திருந்தால் அதன் தோள் அளவு இந்தக் கழுத்துக்குப் பொருந்தாது. உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த பிளவுஸைக் காப்பாற்ற: பக்கத்தையலைப் பிரித்து இரண்டு பக்கமும் கால் கால் அங்குலம் விடுங்கள். தோள் தையலைக் கழுத்துப் பக்கம் மட்டும் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) அதிகம் பிடித்துச் சரித்து அடித்து, நாடா வையுங்கள். தையல் கோட்டில் மணி இருந்தால் ஊசி முறியும். கோட்டிலிருந்து அரை அங்குலம் வரை உள்ள மணிகளைக் கழற்றி, ஜிப் ஃபுட் (ஊசிக்கு ஒரு பக்கம் மட்டும் அழுத்தும் மெஷின் பாதம்) போட்டு, 11-ஆம் நம்பர் ஊசியில் தைத்துவிட்டு, கழற்றியதைக் கையால் மறுபடி கட்டிவிடுங்கள்.

கேள்வி: ஆல்டரேஷன் என்றாலே "ஒரு தையல்தானே, என்ன காசு?" என்கிறார்கள். எப்படிக் கூலி சொல்வது?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: நிமிடத்துக்குக் கூலி சொல்லுங்கள். வாடகை, மின்சாரம், நூல், மெஷின் பராமரிப்பு எல்லாம் மாதம் 8,000, உங்கள் சம்பளம் 16,000 என்று வைத்தால் 24,000 ஆகிறது. மாதம் 200 மணி நேரம் கடை திறந்திருந்தாலும் மெஷின் ஓடுவது 150 மணி நேரம்தான். மீதி பேச்சிலும் கடைவீதியிலும் போகும். 24,000-ஐ 150-ஆல் வகுத்தால் மணிக்கு 160 ரூபாய். உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஆரி வேலை இல்லாத பிளவுஸில் பக்கம் பிரித்து விட 20 நிமிடம், சுமார் 55 ரூபாய். ஆரி பிளவுஸில் அதே வேலைக்கு மணி கழற்றி, தைத்து, மறுபடி கட்ட ஒன்றரை மணி நேரம், 240 ரூபாய். இப்படிப் பத்து வேலைக்குக் கூலி எழுதிச் சுவரில் மாட்டினால் பேரம் பாதியாகக் குறையும்.

வாங்கும் முன் பிளவுஸை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத்தையலில் நான்கு மடிப்பு இருக்கிறது: இடது, வலது, முன், பின். ஒவ்வொன்றிலும் ஒரு அங்குலம் உள்ளே விட்டிருந்தால், கால் அங்குலம் தையலுக்கு வைத்துக்கொண்டு முக்கால் அங்குலம் எடுக்கலாம். மொத்தம் 3 அங்குலம் கிடைக்கும். அரை அங்குலம்தான் இருக்கிறது என்றால் ஒரு அங்குலத்துக்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள். லைனிங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தனியாகப் பாருங்கள். மேல்துணியில் தாராளமாக விட்டு லைனிங்கை ஒட்ட வெட்டியிருப்பார்கள். அக்குளில் துணி குறைந்தால் சதுரப் பட்டி ஒன்று வைத்துக் கொடுக்கலாம். அகலமாகிப்போன கழுத்தைச் சுருக்கித் தரச் சொன்னால் தோளிலிருந்தே பிரிக்க வேண்டும், அதற்கு ஆல்டரேஷன் கூலி வாங்கினால் நஷ்டம்.

பட்டில் பழைய ஊசித் துளைகள் மறையாது. வெல்வெட்டிலும் அப்படித்தான். பிரித்தால் கோடு தெரியும் என்பதை ரசீதில் எழுதி, படித்துக் காட்டி, பிறகு கத்திரி வையுங்கள். நீங்கள் புதிதாகத் தைக்கும் கல்யாண பிளவுஸ்களில் ஒவ்வொரு மடிப்பிலும் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டுவிடுங்கள். பிள்ளை பெற்ற பிறகு அந்தப் பெண் அதைப் பிரிக்க உங்களிடமே வருவாள்.

கேள்வி: தேவாலயத் திருமணத்துக்கு வாங்கிய வெள்ளை கவுனின் உயரம் குறைக்கக் கேட்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– வாசகி, முதலியார்பேட்டை

பதில்: கல்யாணத்தன்று போடப்போகும் அதே செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே விரித்துக் காட்டும் கேன்கேன் பாவாடையும் போட்டு நிற்கச் சொல்லி அளவெடுங்கள். முன்பக்கம் தரையிலிருந்து ஒரு அங்குலம் தூக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படியில் மிதித்துவிடுவார்கள். ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக வெட்டுங்கள். நெட் பிரியாது, மடிக்காமல் வெட்டி விட்டால் போதும். சாட்டினுக்கு மட்டும் மெல்லிய மடிப்புத் தையல். கீழ் ஓரத்தில் லேஸ் இருந்தால் அதைப் பிரித்தெடுத்து, துணியைக் குறைத்து, மேலே ஏற்றித் தையுங்கள். அன்றைக்கு மெஷினுக்கு எண்ணெய் போட்டிருந்தால் பழைய துணியில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத்தான் வெள்ளையைத் தொட வேண்டும்.

கேள்வி: கடலூரில் கடை. புதுச்சேரியிலிருந்தும் வருகிறார்கள். ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா? மழைக்காலத்தில் புடவைகளை எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தையல் கூலி சேவை. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு தேவையில்லை. வாடிக்கையாளர் புதுச்சேரிக்காரர் என்பதால் இது மாறாது. துணியும் விற்றால் கணக்கரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சிறுதொழிலுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். அதற்குக் காசு கேட்பவரை நம்ப வேண்டாம்.

மழை விஷயம் இதைவிடப் பெரிது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. அடுத்தவர் வீட்டு முகூர்த்தப் புடவை உங்கள் பொறுப்பில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் எதையும் இடுப்பு உயரத்துக்குக் கீழே வைக்காதீர்கள். பட்டை நேராக பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் அடைந்து ஜரிகை கறுக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, புயல் அறிவிப்பு வந்தால் மட்டும் அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை போடுங்கள், வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். பசை போட்டு ஒட்டும் கல்லும் இந்த ஈரத்தில் சரியாகக் காயாது. அந்த இரண்டு மாதமும் கற்களை நூலால் கட்டுங்கள், அல்லது ஒட்டிய பிறகு முழுதாக ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் வைத்து, நகத்தால் நெம்பிப் பார்த்த பிறகு கொடுங்கள்.