ஒரு பக்கச் செயின் இழுக்கவில்லை என்றால் மோட்டாரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: ஊரணி, கண்மாய் தூர்வாரும் வேலைக்காக 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். நானே ஓட்டுகிறேன். காலையில் நன்றாகப் போகிறது. பதினொரு மணிக்கு மேல் கரை ஏறினால் இடது செயின் திணறி, வண்டி இடப்பக்கமே இழுக்கிறது. மண் தோண்டுவதில் குறையில்லை. இடது டிராவல் மோட்டாரை (செயினை ஓட்டும் ஹைட்ராலிக் மோட்டார்) மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதிலேயே பாதி விடை இருக்கிறது. தோண்டும் வேலை சரியாக நடப்பதால் பம்ப்பின் மேல் சந்தேகம் குறைவு. குளிர்ந்த நிலையில் ஓடி, சூடேறியதும் சோர்வது உள்ளொழுக்கின் அடையாளம். சூட்டில் ஆயில் நீர்த்துப்போய், தேய்ந்த இடுக்கு வழியே தப்பிவிடுகிறது. ஆனால் அந்த இடுக்கு மோட்டாரில்தான் இருக்கிறது என்று யாரும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சென்டர் ஜாயிண்டின் (சுழலும் மேல்பகுதியிலிருந்து கீழே செயின் மோட்டார்களுக்கு ஆயிலைக் கடத்தும் நடு இணைப்பு) சீல் போனாலும் இதே கோளாறுதான் வரும். மோட்டாரின் விலைக்கு முன்னால் அந்த சீல் கிட் ஒன்றுமே இல்லை.

செலவில்லாத சோதனைகளை முதலில் முடியுங்கள். கண்மாய் வண்டல் ரோலருக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயினை இழுக்கும் பற்சக்கரம்) நடுவே அடைந்து காய்ந்துவிட்டால் செயின் விறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்துவிட்டு இரண்டு பக்கத் தொய்வையும் மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள். இறுக்கமாக இருந்தால் தொய்வைச் சரிசெய்யும் கிரீஸ் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் தளர்த்துங்கள். உள்ளே கிரீஸ் மிகுந்த அழுத்தத்தில் இருக்கிறது. அந்த வால்வுக்கு நேரே முகத்தையோ கையையோ கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து ஃபைனல் டிரைவின் (மோட்டாரோடு சேர்ந்த கியர் பெட்டி) லெவல் பிளக்கைத் திறந்து பாருங்கள். கெட்டியான கியர் ஆயில் அளவோடு இருந்தால் நல்லது. தண்ணீர்போல நீர்த்து, அளவுக்கு மேல் நிரம்பி வழிந்தால் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் போய் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே இறங்குகிறது என்று பொருள். விரலில் தேய்த்தால் உலோகத் துகள் நெருடினால் கியரோ பேரிங்கோ அரைபடுகிறது.

இழுவைக் குறை முன்னால் போகும்போது மட்டுமா, பின்னால் போகும்போதும் உண்டா என்பதையும் குறித்துவையுங்கள். ஒரு திசையில் மட்டும் என்றால் அந்தத் திசைக்கான ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை மீறாமல் காப்பது), ஸ்பூல் (கன்ட்ரோல் வால்வுக்குள் நகர்ந்து ஆயிலைத் திருப்பும் தண்டு), பைலட் ஹோஸ் (லீவரின் கட்டளையை வால்வுக்குக் கொண்டுபோகும் சிறு குழாய்) ஆகியவற்றைப் பாருங்கள். அப்படிப்பட்ட நிலையில் மோட்டாரைப் பிரிப்பது வீண். ஸ்ப்ராக்கெட் பின்னால் இருக்கும்படி வண்டியை நிறுத்திய பிறகே இடது, வலது என்று பேசுங்கள். கேபின் திரும்பி நின்றால் பக்கம் மாறிப்போய், நல்ல மோட்டாரைக் கழற்றிய கதையாகிவிடும்.

இனி அழுத்தம் அளக்கும் கேஜ் சோதனை. ஆயில் 50 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். 600 பார் கேஜை பம்ப்பின் டெஸ்ட் போர்ட்டில் மாட்டி, ஸ்ப்ராக்கெட் சுற்றாதபடி மேனுவலில் சொன்ன முறையில் கெட்டியான இரும்பு முளை (பின்) செருகித் தடுத்து, ஆட்களை விலக்கிவிட்டு, லீவரை மெதுவாக முழுக்கத் தள்ளுங்கள். ஐந்து விநாடி போதும். 20 டன் வண்டிகளில் மாடலைப் பொறுத்து 340 முதல் 380 பார் வரை ஏறும். இரண்டு பக்கமும், இரண்டு திசையிலும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையில் அழுத்தம் முழுக்க ஏறி, ஓட்டும்போது மட்டும் செயின் மெதுவாக நகர்ந்தால் எங்கோ பிடிக்கிறது: பிரேக் விடவில்லை, கியர் இறுகுகிறது, செயின் விறைத்திருக்கிறது. அழுத்தமே ஏறவில்லை என்றால் எங்கோ ஒழுகுகிறது. உங்கள் வண்டியில் இரண்டாவதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

ஒழுகும் இடத்தைப் பிடிக்க ஹோஸ் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. இன்ஜினை அணைத்து, லீவர்களை அசைத்து, டேங்க் அழுத்தத்தையும் விட்டுவிடுங்கள். சென்டர் ஜாயிண்டின் மேல்பக்கத்தில் இடது செயினுக்குப் போகும் இரண்டு ஹோஸ்களை வலது செயினின் இரண்டோடு மாற்றிப் பூட்டுங்கள். (இப்போது இடது லீவர் வலது செயினை ஓட்டும், கவனம்.) கோளாறு வலது பக்கம் போய்விட்டால் மோட்டாரில் குற்றமில்லை, கன்ட்ரோல் வால்வு, ரிலீஃப் வால்வு பக்கம் தேடுங்கள். இடதிலேயே நின்றால் மேல்பக்க ஹோஸ்களைப் பழையபடி பூட்டிவிட்டு, அதே மாற்றத்தை ஜாயிண்டின் கீழ்ப்பக்கத்தில் செய்யுங்கள். இப்போது வலதுக்கு நகர்ந்தால் ஜாயிண்ட் சீல். அப்போதும் இடதிலேயே நின்றால்தான் மோட்டார். திறந்த ஹோஸ் வாயை மூடியே வையுங்கள். நம் செம்மண் புழுதி ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் வால்வைக் கீறும்.

மோட்டார்தான் என்று வந்த பிறகும் ஒரு சோதனை உண்டு. டிரெயின் ஹோஸை (மோட்டாருக்குள் கசியும் ஆயிலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) மோட்டாரிலிருந்து கழற்றி, ஹோஸின் வாயை மட்டும் அடைத்துவிட்டு, மோட்டாரிலிருந்து வரும் ஆயிலை ஒரு வாளியில் பிடியுங்கள். ஜாக்கி வைத்த செயினை ஒரு நிமிடம் ஓட்டி அளந்து, வலது பக்கத்தோடு ஒப்பிடுங்கள். மோட்டாரின் டிரெயின் வாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அடைத்தால் ஷாஃப்ட் சீல் பிய்ந்துவிடும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வந்தால் மோட்டாரை மாற்றச் சொன்னவரிடம் காரணத்தைக் கேளுங்கள்.

மாற்றுவதாக முடிவானால் நேம் பிளேட்டில் உள்ள மாடல் எண், கியர் விகிதம் இரண்டும் வலது பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். விகிதம் வேறானால் வண்டி நேராகவே போகாது. பழைய மோட்டார் உள்ளே உடைந்திருந்தால் லைன்களைக் கழுவி, ஃபில்டரையும் மாற்றியாக வேண்டும். அந்தத் துகள் புது மோட்டாரையும் தின்றுவிடும். கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். பில்லில் பாகம், கூலி இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

கேள்வி: பழைய வண்டி வாங்கப்போகிறேன். செயின் ஓட்டத்தை எப்படிச் சோதிப்பது? (காரைக்குடி வாசகர்)

பதில்: காலையில் போய்ப் பார்க்காதீர்கள். இரண்டு மணி நேரம் வேலை செய்த வண்டியை மதியம் பாருங்கள். கெட்டியான சமதரையில் 20 மீட்டர் கயிறு பிடித்து, 5 மீட்டர் முன்னாலிருந்து ஓட்டத்தைத் தொடங்கி நேராக விடச் சொல்லுங்கள். கயிற்றிலிருந்து ஒரு சாணுக்கு மேல் விலகினால் விலை பேசுவதற்கு முன் காரணம் தெரிய வேண்டும். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி, செயினின் ஒரு ஷூவில் (தகடு) சுண்ணாம்புக் குறி வைத்து, மூன்று சுற்றுக்கு எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். ஆமை (மெதுவான), முயல் (வேகமான) என்ற இரண்டு வேகத்திலும், முன்னும் பின்னும் எண்ணுங்கள். முயலில் கரை ஏறத் திணறுவது கோளாறாகாது. அந்த வேகத்தில் இழுவை குறைவுதான்.

கேள்வி: கோளாறை மறைத்து விற்றிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? தொழிலுக்கு வாங்கியது செல்லாது என்கிறார்களே? (தேவகோட்டை வாசகரே)

பதில்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. ஒரே வண்டி வைத்து நீங்களே ஓட்டிப் பிழைப்பதால் அந்த விலக்கைக் கேட்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கையிலேயே மனு போடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதியுங்கள். விற்றவர் வியாபாரியாக இல்லாமல் தனியாளாக இருந்தால் இந்த வழி பெரும்பாலும் உதவாது. எந்த வழியானாலும் கேஜ் அளவுகளைத் தேதியோடு எழுதி, மெக்கானிக்கின் கையெழுத்து வாங்கி வையுங்கள். மோட்டாரைக் கழற்றிய பிறகு அந்தச் சான்று கிடைக்காது.