சங்கத்து விற்பனையில் பழைய எம்பிராய்டரி நூலை நம்பி வாங்கலாமா?

மதுரையில் கைத்தையல் செய்யும் பெண்களின் சங்கங்கள் நடத்தும் விற்பனையில், பிறர் வைத்திருந்த எம்பிராய்டரி நூலும், துணியை இழுத்துப் பிடிக்கும் பிரேமும் மலிவாகக் கிடைக்கின்றன, அவற்றை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் சிவப்பு நூலை நனைத்துப் பார்க்காமல் வெள்ளைத் துணியில் ஏற்றிவிடாதீர்கள். ஆறு மாதம் தைத்த மேசை விரிப்பை இழந்து நான் கற்றுக்கொண்டது இது.

நீங்கள் தைக்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பூவுக்கு நான்கு சிவப்பு, இலைக்கு மூன்று பச்சை என்று கடையில் கேட்டு வாங்கத் தொடங்கினால் செலவு எங்கே போய் நிற்கும் என்பதை நானும் அனுபவித்திருக்கிறேன். சிக்கனம் பார்ப்பதற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு சிம்மக்கல் பக்கம் ஒரு சிறிய கூடத்தில் அப்படியொரு விற்பனை நடந்தது. நான் போனபோது பாசி, சம்க்கி, ஆரி ஸ்டாண்டு எல்லாம் விற்றுப் போயிருந்தன. ஓரத்து மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா மட்டும் யாரும் தொடாமல் இருந்தது. திறந்தால், பழைய கல்யாணப் பத்திரிகைகளை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு நிறத்தைச் சுற்றி, மூலையில் பென்சிலால் நிற எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். அடியில் ஆங்கர் என்ற பிராண்டின் பிரிக்காத நூற்கண்டுகள் சில, மதுரா கோட்ஸ் என்ற பெயர் அச்சிட்ட காகிதப் பட்டையோடு கிடந்தன. நம் ஊர் மதுரா மில்லும் கோட்ஸ் நிறுவனமும் 1974-இல்தான் இணைந்தன என்பதால், அதற்கு முந்தைய நூலாக அது இருக்க முடியாது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண், அது தன் மாமியாருடையது என்றும், அவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது என்றும் சொன்னார். "அத்தை கையால சுத்தி வச்சதுக்கா. தைக்கிறவுங்க யாராச்சும் எடுத்துக்கிட்டாத் தேவலை. நூறு ரூபா குடுங்க, போதும்" என்றார். நான் பேரம் பேசவில்லை.

இறந்தவர் பொருளை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்று என் அம்மா வருத்தப்பட்டார். அப்படி எண்ணுபவர்களை நான் குறை கூறவில்லை. அவரவர் வீட்டு வழக்கம் அவரவர்க்கு. ஆனால் ஒருவர் இத்தனை ஒழுங்காகப் பாதுகாத்த நூலைக் குப்பையில் போடுவதுதான் எனக்குப் பாவமாகத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முழ நூலை இரு கையிலும் பிடித்துச் சுண்டிப் பார்த்தேன், அறவில்லை. ஆறு இழைகளும் முடிச்சு விழாமல் பிரிந்து வந்தன. அந்தச் சந்தோஷத்தில் சாயத்தைச் சோதிக்கத் தோன்றவில்லை. மகளின் புது வீட்டுக்கென்று வெள்ளை கேஸ்மென்ட் துணியில் நான்கு மூலையிலும் செம்பருத்தி தைத்தேன். இதழுக்குச் சாட்டின் தையல், காம்புக்குக் காம்புத் தையல். முடித்து, நீரில் அலசி, பிழிந்து, வாசலில் யாரோ அழைத்ததால் வாளியிலேயே மடித்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து விரித்தபோது ஒவ்வொரு இதழைச் சுற்றியும் ஒரு விரல் அகலத்துக்கு வெளிர்சிவப்பு பரவியிருந்தது; மடிப்பு பட்ட இடங்களில் பூவின் நிழலே இன்னொரு பூவாகப் பதிந்திருந்தது. உடனே குளிர்ந்த நீரில் மறுபடி மறுபடி அலசியிருந்தால் பெரும்பகுதி போயிருக்கும். நான் அழுதுகொண்டு கொடியில் காயப்போட்டேன். காய்ந்ததும் கறை நிலைத்துவிட்டது.

சுங்குடிச் சேலை வாங்கும்போது முதல் சில சலவைகளில் தனியாக அலசச் சொல்வார்கள் அல்லவா, இதற்கும் அதே காரணம்தான். அடர்ந்த சிவப்பு, கறுப்பு, கருநீலம் ஆகியவற்றில் இழையோடு ஒட்டாத மிகைச்சாயம் தங்கியிருக்கக்கூடும். ஒரு சாண் நூலை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து மடித்து அழுத்துங்கள். கறை விழுந்தால் அந்த நூலை வேறாக வைத்து, நீர் தெளியும்வரை அலசிக் காயவைத்த பிறகே தையுங்கள்.

மரப் பிரேமை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரண்டு வளையத்துக்கும் இடையே கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். சிறிய இடைவெளி என்றால் உள்வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிச் சரிசெய்துவிடலாம். துருவேறிய ஊசி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கறுத்த ஜரியும் வேண்டாம். ஊசியால் துளையிட்ட பழைய டிரேசிங் தாள்களை மட்டும் விடாதீர்கள். மண்ணெண்ணெயில் நீலப்பொடியைக் குழைத்து அதன்மேல் தேய்த்தால் துளை வழியே பூ அப்படியே துணியில் இறங்கும். அந்தத் துளைகளை ஒருவர் ஒவ்வொன்றாகக் குத்த எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்பது குத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அண்மையில் நான் போன ஒரு விற்பனையில், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கண்டுகளின் நிற எண் அச்சிட்ட காகிதப் பட்டைகளை எல்லாம் கிழித்தெறிந்துவிட்டு, நிறவாரியாகக் கட்டி வைத்திருந்தார்கள். கறுப்பு என்றால் பாதகமில்லை. ஆங்கரில் 403, டிஎம்சி என்ற இன்னொரு நூல் பிராண்டில் 310 என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாம். பாதி இலையில் தீர்ந்துபோன பச்சையை எண் இல்லாமல் எப்படித் தேடுவது? நல்ல மனத்தோடு உழைப்பவர்களைப் புண்படுத்த நான் இதை எழுதவில்லை. ஆனால் நன்கொடையாக வந்த நூலைப் பயனற்றதாக்கும் வேலை இது என்று அங்கேயே சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

கூடம் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். நூலின் நுனியை நனைத்துப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தைக்கத் தெரிந்த யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.