ஈஸ்டர் முட்டைக்குள் நிலக்கடலை

அன்புள்ள அக்கா,

நாங்கள் சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறோம். ஒவ்வோர் ஈஸ்டருக்கும் கடையில் சாக்லேட் முட்டை வாங்கி, ஞாயிறு வழிபாடு முடிந்ததும் பிள்ளைகளுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் கொடுப்போம். இந்த முறை பீநட் பட்டர் வைத்த சாக்லேட் முட்டையை வீட்டிலேயே செய்யலாம் என்று பார்க்கிறேன். மாமாவுக்குச் சர்க்கரை நோய். கணவருக்கும் பார்டரில் இருக்கிறது என்று பாலிகிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். நான் பார்த்த குறிப்புகளில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் குலா மலாக்கா என்ற தென்னை வெல்லம் அல்லது தேன் போடச் சொல்கிறார்கள், சாக்லேட்டோடு தேங்காய் எண்ணெய் சேர்க்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் மாமா பயமில்லாமல் சாப்பிடலாமா? இன்னொன்று, போன தடவை சாக்லேட்டை உருக்கியபோது திடீரென்று மணல் மாதிரி திரண்டுவிட்டது. ஏன் அப்படி? என் ஆறு வயது மகனும் கூட நின்று செய்வேன் என்கிறான். என்ன வேலை கொடுக்கலாம்?

ரா., செங்காங்

அன்புள்ள ரா.,

மாமா விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். குலா மலாக்கா, தேன், நாட்டுச் சர்க்கரை, எதைப் போட்டாலும் அவருக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். குலா மலாக்காவின் மணத்துக்கு ஈடு கிடையாது, அது இல்லாத செண்டோலை நானும் தொட மாட்டேன். ஆனால் அதில் பெரும்பகுதி நாம் தேநீரில் போடும் அதே சுக்ரோஸ்தான். உலகச் சுகாதார நிறுவனமும் தேனை வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே கணக்கில் வைக்கிறது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு இப்படிச் சேரும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது அவர்கள் பரிந்துரை. ஆகவே, ‘குலா மலாக்காதானே’ என்று சொல்லி மாமா கையில் நாலு முட்டையைக் கொடுத்துவிடாதீர்கள். ‘நல்லது’ என்று பெயர் எடுத்த இனிப்பைத்தான் நம் வீடுகளில் அளவில்லாமல் சாப்பிடுகிறோம். எனக்கு அதுதான் கவலை.

அப்படியென்றால் எதை மாற்றுவது? மூன்றை மாற்றலாம். முட்டையின் அளவைச் சிறிதாக்குங்கள். உள்ளே வைப்பதில் கடலையே அதிகமாக இருக்கட்டும். மேல் பூச்சுக்குப் பால் சாக்லேட்டை விட்டு 70 சதவீதக் கோக்கோ உள்ள கறுப்புச் சாக்லேட்டுக்குப் போங்கள்.

கடலையும் சாக்லேட்டும் ஜோடி சேர்ந்து புகழ்பெற்றது அமெரிக்காவில். 1928-ல் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் எச்.பி. ரீஸ் என்பவர் பீநட் பட்டர் கப் செய்து விற்கத் தொடங்கினார், பின்னாளில் அதுவே ஈஸ்டர் முட்டை வடிவத்திலும் வந்தது. அந்தக் கப் இரண்டு உள்ள சாதாரணப் பாக்கெட்டை எடுத்தால் சர்க்கரை 20 கிராமுக்கு மேல் இருக்கும். மேலே பால் சாக்லேட், உள்ளே இருக்கும் கடலை விழுதிலும் சர்க்கரை. நமக்கோ கடலையை இனிப்பாகச் சாப்பிடுவது புதிதே இல்லை. கடலை மிட்டாய் தின்று வளர்ந்தவர்கள் நாம். இந்தத் தீவில் தியேட்டர் வாசலில் வண்டி போட்டுக் கச்சாங் பூத்தே என்ற வறுத்த கடலை வகைகளை விற்றவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நல்ல கடலை எப்படி மணக்கும் என்று உங்கள் மாமாவுக்கே தெரியும். வறுக்கும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

கடலையைத் தேக்கா சந்தையில் தோலோடு பச்சையாக வாங்குங்கள். பொட்டலத்தைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடையோ பூஞ்சை வாடையோ வந்தால் மொத்தத்தையும் வீசிவிடுங்கள். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எதையும் சேர்க்க வேண்டாம். இந்த ஊர் ஈரக்காற்றில் கடலையில் பூஞ்சை எளிதில் வந்துவிடும், அது விடும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. வாங்கியதை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் நிம்மதி.

200 கிராம் எடுத்து, அடி கனமான சட்டியில் சிறு தீயில், உள்ளே கடித்துப் பார்த்தால் பொன்னிறமாக இருக்கும்வரை வறுத்து, ஆறவிட்டுத் துணியில் போட்டுத் தேய்த்துத் தோலை ஊதிவிடுங்கள். பிறகு மிக்சி. இங்கேதான் நிறையப் பேர் பொறுமை இழந்து எண்ணெய் ஊற்றிவிடுகிறார்கள், தேவையே இல்லை. முதலில் மாவாகும். அப்புறம் ஜாரின் ஓரத்தில் ஈரமாக அப்பிக்கொள்ளும். நிறுத்தி, வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் கட்டியாகத் திரண்டு பிளேடைச் சுற்றும். இனி ஆகாது என்று தோன்றும் அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள். கடலையின் சொந்த எண்ணெய் பிரிந்து, கட்டி தளர்ந்து, பளபளவென்று விழுதாக இளகிவிடும். மிக்சி சூடானால் நடுவில் ஓய்வு கொடுங்கள். இரண்டு சிட்டிகை உப்பு போடுங்கள், அதில்தான் சுவையே எழுந்து வரும்.

அரைக்க நேரமில்லை என்றால் கடையில் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். கடலை, உப்பு என்று இரண்டே இருந்தால் எடுக்கலாம். இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்புக்கு மூலமான, பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்க்குச் சிங்கப்பூரில் 2021 ஜூன் முதல் தடை இருப்பதால் அந்தப் பயம் பெரிதாக வேண்டாம். சேர்த்திருக்கும் சர்க்கரையைத்தான் பார்க்க வேண்டும்.

விழுதோடு 60 கிராம் கொட்டை நீக்கிய மெட்ஜூல் பேரீச்சையை மசித்துப் போடுங்கள், பெரிய பழமாக இருந்தால் மூன்று நான்கு வரும். காய்ந்த பேரீச்சைதான் இருக்கிறது என்றால் இட்லிப் பாத்திரத்தில் கொஞ்சம் ஆவி காட்டித் துடைத்துவிட்டு மசியுங்கள். தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கெடும். கூடவே 30 கிராம் ஓட்ஸைப் பொடித்துக் கலந்தால் கசியும் எண்ணெயை அது பிடித்துக்கொள்ளும். பேரீச்சையிலும் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். ஆனாலும் முழுப் பழம், நார் இருக்கிறது, கொஞ்சம் போட்டாலே இனிப்பு தெரிகிறது. அதனால் அதைத் தேர்ந்தெடுக்கிறேன். மாமாவுக்கென்று ஐந்தாறை மட்டும் பேரீச்சை இல்லாமல், ஓட்ஸ் சற்றுக் கூட்டிச் செய்து தனியாக வையுங்கள்.

இந்த அளவில் 24 உருண்டை வரும், ஒவ்வொன்றும் 12 கிராம். முட்டை வடிவத்தில் பிடித்து ஃபிரிட்ஜில் இறுகவிட்டு, 120 கிராம் கறுப்புச் சாக்லேட்டில் முக்குங்கள். கணக்குப் போட்டால் ஒன்றுக்கு மூன்றரை கிராம் சர்க்கரை, 90 கலோரி. பேரீச்சை இல்லாததில் சர்க்கரை ஏறத்தாழ இரண்டு கிராம். அந்த 90 கலோரியில் பெரும்பங்கு கொழுப்பிலிருந்து, அதிலும் அதிகம் கடலையின் கொழுப்பிலிருந்து வருவது. இதயத்துக்குக் கெடுதல் செய்யாத வகைக் கொழுப்புதான், புரதமும் உண்டு, ஆனால் கலோரி கலோரிதான். மாமா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று சாப்பிடட்டும், சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளட்டும். வெறும் வயிற்றில் வேண்டாம். அவர் இன்சுலின் போடுபவர் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ‘சர்க்கரை இல்லாதது’ என்று விற்கும் சாக்லேட்டை அவருக்காகத் தேடிப் போகாதீர்கள். அவற்றில் பலவற்றில் சர்க்கரைக்குப் பதிலாக மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும். அதுவும் ஓரளவு சர்க்கரையை ஏற்றும், கூடுதலாகச் சாப்பிட்டால் வயிற்றையும் கலக்கும்.

இப்போது தேங்காய் எண்ணெய். சாக்லேட் இளகி ஓடட்டும் என்பதற்காக அதை ஊற்றச் சொல்கிறார்கள். குளிர் நாட்டுச் சமையலறையில் அது சரிவரும். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். நம் வீட்டில் ஃபிரிட்ஜை விட்டு எடுத்த சில நிமிடத்தில் பூச்சு கையில் பிசுபிசுக்கும். கோக்கோ வெண்ணெய் 34 பாகை வரை தாக்குப்பிடிக்கும், வாயில் போட்டதும்தான் கரையும், அதைப் போய்க் கெடுப்பானேன்? தவிர, தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. மாமாவுக்குக் கொலஸ்ட்ராலும் இருந்தால் இது வேண்டவே வேண்டாம்.

சாக்லேட் வாங்கும்போதும் கவனம் தேவை. 2024-ல் கோக்கோ விலை டன்னுக்கு 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது, நல்ல சாக்லேட் விலை ஏறிப்போனது. விலை குறைவு என்று காம்பவுண்ட் சாக்லேட்டை எடுத்துவிடாதீர்கள். அதில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் சர்க்கரையும் அதிகம். பூன் ஹுவாட் போன்ற பேக்கிங் கடைகளில் பாக்கெட்டில் கோக்கோ சதவீதம் எழுதியிருக்கும். 24 உருண்டைக்குத் தேவை 120 கிராம்தான், அதை நல்லதாகவே வாங்குங்கள்.

மணல் மாதிரி திரண்டது தண்ணீரால். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும், அடியில் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி உள்ளே போனாலும், சர்க்கரைத் துகள்கள் ஈரத்தைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிண்ணம், கரண்டி, கை எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, சூடான நீரின் மேல் கிண்ணத்தை நீர் படாமல் வைத்து, பொடியாக நறுக்கிய சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் உருக்குங்கள். 45 பாகை போதும். இறக்கி, மிச்சத்தைப் போட்டு 31, 32 பாகைக்கு வரும்வரை கிளறினால் பூச்சு பளபளப்பாகவும் கடித்தால் ‘டக்’கென்று உடைவதாகவும் அமையும். நம் சமையலறையே 31 பாகையில் இருக்கும், அங்கே சாக்லேட் ஆறவே ஆறாது. ஏர்கான் போட்ட அறைக்குள் போய்ச் செய்யுங்கள். உருண்டையை முள்கரண்டியில் ஏந்தி முக்கி, கிண்ணத்தின் விளிம்பில் நாலு தட்டு தட்டுங்கள். அதிகப்படி சாக்லேட் வழிந்து மெல்லிய பூச்சாக நிற்கும். தட்டாமல் விட்டால் அடியில் குளம் கட்டி, 120 கிராம் பாதியிலேயே தீர்ந்துவிடும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள். ஈரக்காற்று பட்டு முட்டையின் மேல் வியர்க்கும், காய்ந்ததும் வெள்ளை படியும். சாப்பிட ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் நன்றாயிராது. மூடியபடியே சற்று நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். புனித வெள்ளி விடுமுறைதான், ஆனால் அன்று இனிப்பு வேலை செய்ய உங்கள் வீட்டில் மனம் வராது என்று நினைக்கிறேன். சனிக்கிழமை காலையில் தொடங்கினால், மாலையில் பாஸ்கா திருவிழிப்பு என்ற ஈஸ்டர் இரவு வழிபாட்டுக்குக் கிளம்பும் முன் முடிந்துவிடும்.

பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கும் முன் கடலை ஒவ்வாமை யாருக்கும் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம், சிலருக்கு உயிர்ப் பிரச்சினை. டப்பாவின் மேல் ‘கடலை உள்ளது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். கேட்காமல் ஆலயத்திலோ பள்ளியிலோ பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். மலாய்க் குடும்பத்துக்குக் கொடுப்பதென்றால் ஹலால் முத்திரை உள்ள சாக்லேட்டாகப் பாருங்கள்.

மகனுக்கு உருட்டும் வேலையைக் கொடுங்கள். தராசில் 12 கிராம் வருகிறதா என்று நிறுத்துப் பார்க்கவும் சொல்லுங்கள், அந்த வயதுக்குத் தராசு பிடிக்கும். சூடான கிண்ணமும் மிக்சியும் உங்கள் பொறுப்பு. சாக்லேட்டில் முக்கியெடுத்த முட்டை இறுகும் முன், வறுத்த கடலையை உடைத்து ஒன்றிரண்டு துணுக்கு மேலே தூவ அவனைக் கூப்பிடுங்கள். பூச்சு சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் நீங்கள் ஒன்று முக்கி வைக்க வைக்க அவன் தூவிக்கொண்டே வரட்டும். மாமாவுக்குச் செய்த பேரீச்சையில்லாத முட்டைகளின் மேல் மட்டும் எள் தூவச் சொல்லுங்கள், டப்பாவில் கலந்தாலும் அடையாளம் தெரியும்.

அன்புடன்,
அக்கா