பத்தில் ஒன்பது பேர் ஏன் தோற்கிறார்கள்?

கேள்வி: துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் பத்தில் ஒன்பது பேர் சொல்கிறார்களாமே, பிறகு ஏன் சட்டம் வருவதில்லை? துப்பாக்கிச் சங்கம் பணத்தால் அடிக்கிறதா?
- வாசகி, கரூர்

பணம் உண்டு. 2016-ல் டிரம்ப்புக்காக, துப்பாக்கி உரிமைக்குக் குரல் கொடுக்கும் தேசிய ரைபிள் சங்கம் செலவழித்தது 3 கோடி டாலருக்கு மேல். ஆனால் சங்கத்தின் தேர்தல் நிதியிலிருந்து ஒரு வேட்பாளர் கையில் நேரடியாகக் கொடுக்கக்கூடியது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலுக்கு 5,000, பொதுத் தேர்தலுக்கு 5,000 டாலர்தான். கோடிகள் புரளும் செனட் தேர்தலில் இது டீச்செலவுக்குக் காணாது.

செனட்டர்கள் பயப்படுவது மதிப்பெண்ணுக்கு. சங்கம் வேட்பாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பும். அவர்கள் முன்பு போட்ட ஓட்டுகளையும் சேர்த்துப் பார்த்து 'ஏ பிளஸ்' முதல் 'எஃப்' வரை தரம் போட்டு உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடும். சோதனையை ஆதரிப்பவர் விலைவாசி, வேலை, மருத்துவம் எல்லாம் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார். துப்பாக்கி வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர் அந்த ஒன்றுக்காகவே ஓட்டுப் போடுவார்கள். கூட்டமே இல்லாத உட்கட்சித் தேர்தலுக்கும் தவறாமல் வருவார்கள்.

2013 ஏப்ரலைப் பாருங்கள். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டு நான்கே மாதம். துப்பாக்கிக் கண்காட்சியிலும் இணையத்திலும் தனியார் விற்கும் துப்பாக்கிக்கும் சோதனை வேண்டும் என்ற திருத்தம் செனட்டுக்கு வந்தது. இந்த ஓட்டும் மதிப்பெண்ணில் சேரும் என்று சங்கம் முன்கூட்டியே எழுதிவிட்டது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. பெரும்பான்மை மட்டும் போதவில்லை, செனட் நடைமுறைப்படி தேவை 60; விழுந்தது. 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங் மாநிலத்துக்கும், நாலு கோடியை நெருங்கும் கலிஃபோர்னியாவுக்கும் தலா 2 செனட்டர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2022-ல் சங்கம் எதிர்த்தும் 65-33 என்று ஒரு சட்டம் நிறைவேறியது. எல்லா விற்பனைக்கும் சோதனை என்பது மட்டும் அதில் இல்லை.

கேள்வி: கொலையில் சிக்கிய துப்பாக்கி யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
- வாசகர், வேலூர்

மிகுந்த சிரமப்பட்டு. மத்தியப் பதிவேடு வைக்கக் கூடாது என்பது சங்கம் போராடி வாங்கிய 1986 சட்டம். அதனால் வரிசை எண்ணை வைத்துக்கொண்டு முதலில் தயாரிப்பாளர், அடுத்து மொத்த வியாபாரி, அடுத்து கடை என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். வாங்கும்போது நிரப்பிய 4473 எண் படிவத்தைக் கடைக்காரர் தேடி எடுத்தால்தான் வாங்கியவர் பெயர் தெரியும். கடையை மூடியிருந்தால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் மையத்தில் படம்பிடித்து வைத்த பழைய பக்கங்களை ஊழியர்கள் ஒவ்வொன்றாகப் புரட்டுவார்கள். பெயரைத் தட்டித் தேட வழியில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைப்பது கடையில் முதலில் வாங்கியவர் பெயர்தான். அவர் இன்னொருவருக்கு விற்றிருந்தால், பல மாநிலங்களில் அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. 2013-ல் விழுந்த திருத்தம் அடைக்கப் பார்த்த ஓட்டைகளில் இதுவும் ஒன்று.